லோரிக்கு வைத்த சோறு

பாடாங் செராய் வட்டாரத்தில் காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் பாதிப்பேர் என் பேருந்துகளில்தான் ஏறுகிறார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவள் நான். ஒன்பது பேருந்து வாங்கினேன். எவன் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை. தூரத்தில் வரும் சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவேன். வண்டிகள் என்னோடு பேசும் என்றால் சிரிக்காதீர்கள். எட்டு வயதில் அதை நம்பித்தான் என் அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேன்.

மலாயாவில், காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய அவசரகாலம் அது. நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. அதனால் அரசாங்கத்துப் பட வேன் வந்தபோது, ரப்பர் ஷீட் காயும் புகைக்கூடத்தின் கதவுகளைச் சாத்தி, பட்டப்பகலை இருட்டாக்கி, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். கண் எரிந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

பொம்மைப் படம். ஒரு லோரிக் குடும்பம். அப்பா லோரி இருமியது, அம்மா லோரி அதட்டியது, குட்டி லோரி பசிக்கிறதென்று அழுது மேட்டடியில் உட்கார்ந்துகொண்டது. அம்மா எதையோ ஊட்டியதும் துள்ளிக்கொண்டு ஏறியது. அவை பேசியது இங்கிலீஷ். வேன்காரர் ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பெரியவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்பா ஓட்டிய தோட்டத்து லோரியும் அந்த வாரம் முழுக்க மேட்டில் மூச்சு வாங்கி நின்றிருந்தது. அதற்கு ஊட்ட யாருமில்லை என்பது அத்தனை பேரில் எனக்கு மட்டும்தானே புரிந்தது!

மறுநாள் காலை என் பங்குச் சோற்றில் ஒரு பிடி உருட்டி, வாழையிலையில் சுற்றி, லோரி இருக்கைக்கு அடியில் வைத்து, "சாப்புடுடா" என்றேன்.

தோட்டத்துக் கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை போகக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று சட்டம். பிடிபட்டால் ஜெயில், பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் வரிசை வீட்டு லயத்தில் பேச்சு. எனக்கும் தெரியும். மனிதர்கள் தின்னும் சோற்றுக்குத்தான் அந்தச் சட்டம் என்று நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் கேட்டுக்குப் பக்கத்தில். அப்பா தினமும் என்னை அங்கே இறக்கிவிட்டு டவுனுக்குப் போவார். பெண்களைச் சோதிக்க எங்கள் லயத்து அக்கா ஒருத்தியைக் கேட்டில் வைத்திருந்தார்கள். ஆள் குறைந்தால் வண்டிக்குள்ளும் அவளே பார்ப்பாள். அன்றைக்கு அவள் கையில் இலைப்பொட்டலம் அகப்பட்டது.

"என்னாண்ணே இது?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

நான் முந்திக்கொண்டேன். "அது லோரிக்கு! அதுக்குப் பசி!"

அக்கா என்னைப் பார்த்தாள். காவல் கொட்டகையிலிருந்து மலாய் சார்ஜன் வருவதைப் பார்த்தாள். சட்டென்று உருண்டையை வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்கினாள். இலையைக் கசக்கி ரவிக்கைக்குள் திணித்தாள். அவள் கண்ணில் நீர் முட்டியது.

நான் தோட்டமே கேட்க அலறினேன். "லோரி சோத்த இந்த அக்கா தின்னுட்டா!"

சார்ஜனுக்குத் தமிழ் தெரியாது. பிள்ளை ஏன் அழுகிறது என்று மலாயில் கேட்டார். அக்காவால் வாயைத் திறக்க முடியவில்லை. அப்பாதான் நாக்குக் குழற, நேற்றுப் பார்த்த படம், லோரிக்குப் பசிக்கிறதாம் என்று இழுத்தார்.  சார்ஜன் ஹோவென்று சிரித்து, லோரியின் முகப்பைத் தட்டி, சாப்பிட்டாயா என்று அதையே விசாரித்துவிட்டுத் தடுப்புக் கட்டையைத் தூக்கச் சொன்னார்.

மாலையில் அடி விழும் என்று ஒளிந்திருந்தேன். அப்பா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார், வெகுநேரம் விடவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அம்மா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் எங்கள் ஒரே சேவலை அடித்துக் குழம்பு வைத்தாள். முதல் கிண்ணம் அந்த அக்காவுக்காம். அதைக் கொண்டுபோகவும் நான்தானாம். திருடிக்கு விருந்தா!

"என்னா லோரிக்காரம்மா, இன்னும் கோவமா?" என்றாள் அக்கா. தொண்டை கரகரத்தது.

"லோரிகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

சிரிக்கப் போனவள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கிண்ணத்தை வாங்கிய அவள் கை நடுங்கி, குழம்பு அவள் மடியில் சிந்தியது. செய்த குற்றம் உறுத்துகிறது, நன்றாக நடுங்கட்டும் என்று நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பினேன்.