நான் சுரண்டிப் போட்ட ஸ்டிக்கர்கள்

பழைய கார் என்றாலும் எங்களுக்கு அது புதுசுதான். கோயிலில் பூசை போடுவதற்கு முதல் நாள் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவினேன். கதவோரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்த ஒர்க்‌ஷாப் ஸ்டிக்கர்களை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி எடுத்தேன். அடுத்தவர் அடையாளத்தோடு சாமி முன்னால் போய் நிற்கக் கூடாதாம். யாரும் சொல்லவில்லை, என் புத்தி அப்படி. அந்த இடத்தில் சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பெருமையாக ஓட்டி வந்தேன்.

மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்குச் சிம்பாங் அம்பாட்டிலுள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்கு வேலை தீவில். வேலை முடிந்ததும் கடல்பாலம் ஏறி அக்கரையில் இருந்த அவளைப் பார்க்கப் போவேன். மழை மூட்டமான மாலைகளில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். கார் ஓடுகிறதா மிதக்கிறதா என்று தெரியாது. பிறக்காத பிள்ளையோடு பேசிக்கொண்டே போவேன். பக்கத்துக் காரில் இருந்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

ஒரு நாள் பாலத்தின் மேட்டில் கியர் ஒரு வெட்டு வெட்டியது. கனவெல்லாம் கலைந்தது. வலி கண்டு அவள் கூப்பிடும் நாளில் கார் நடுப்பாலத்தில் நின்றுவிட்டால்?

மறுநாள் ஒர்க்‌ஷாப் அண்ணன் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“கியர் எண்ணெ கடைசியா எப்ப மாத்துனது?”

“தெரியல அண்ணே.”

“பல வருசமா மாத்தாத காடின்னா இப்பப் போய்த் தொடக் கூடாது தம்பி, இருக்கிற கியரும் வழுக்கிரும். ஒழுங்கா மாத்திட்டு வந்ததுன்னா பயமில்ல. எப்ப மாத்துனாங்கன்னு கதவுல ஸ்டிக்கர் இருக்கும் லா, பாரு.”

சந்தனப் பொட்டு மட்டும்தான் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

காரை விற்றவரைக் கூப்பிட வெட்கம் பிடுங்கித் தின்றது. “சர்வீஸ் விவரமெல்லாம் அந்த ஸ்டிக்கர்லதான் இருக்கு” என்று விற்ற அன்றே அவர் சொல்லியிருந்தார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறு வழியின்றி அழைத்தேன். அவர் துறைமுகத்தில் வேலையில் இருந்ததால் அவருடைய மனைவி எடுத்தார். மூன்று பிள்ளைகளுக்கு இடம் போதாமல்தான் அவர்கள் இதை விற்றுப் பெரிய கார் வாங்கியிருந்தார்கள்.

“கியர் எண்ணெயா? எனக்குப் பிரசவத் தேதி நெருங்குனா மனுசன் மொத வேலையா அதத்தான் மாத்துவாரு தம்பி. மூணு தடவையும். நடுப்பாலத்துல நின்னுருமோன்னு அவருக்குப் பயம். கடைக்குட்டிக்கு இப்பதான் ஒரு வயசு. தைரியமா மாத்துங்க.”

நான் தனியாகப் பயந்துகொண்டிருந்த அதே மேட்டில் எனக்கு முன்னால் ஒருவர் மூன்று முறை பயந்திருக்கிறார்.

எண்ணெய் மாற்றியதும் வெட்டு நின்றது. அண்ணன் புது ஸ்டிக்கரைப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். அதில் நான் நகம்கூடப் படவிடவில்லை.

ஒரு விடியற்காலை அழைப்பு வந்தது. பாலத்தைப் பனி மூடியிருந்தது. முன்னால் நாலு விளக்குகளைத் தவிர உலகத்தில் ஒன்றும் இல்லை. கார் முனகாமல் மேடேறி இறங்கியது. மகள் பிறந்தபோது நான் அங்கே இருந்தேன்.

மதியம் காரை விற்ற வீட்டு அக்காவை அழைத்துச் சொன்னேன்.

“அல்ஹம்துலில்லாஹ்! அப்ப நம்ம காடிக்கு இது நாலாவது புள்ள தம்பி” என்றார்.