மூலையில் ஓடிய கடிகாரம்

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த யோகேஸ்வரி அக்கா இறந்துவிட்டார் என்று அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னபோது, என் முன்னால் சிம்பாங் அம்பாட் ஆலையின் கணினித் திரை பாதி சாம்பல் நிறமாக உறைந்து கிடந்தது. இதைச் சரிசெய்ய யாரிடம் கேட்பது என்று யோசித்தேன். அவரிடம்தான் கேட்டிருப்பேன். பாழாய்ப்போன மனசு.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே, டெலிபோன் லைன் வழியாக எங்கள் பிஸ்கட் ஆலைக் கணினியைப் பார்த்து இயக்கலாம் என்றானபோது நாங்களெல்லாம் வாயைப் பிளந்தோம். கூடவே தொல்லையும் வந்தது. அழித்த வரி திரையில் அழியாமல் நிற்கும். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆலைக் கணினியில் திரைப் பின்னணியின் அலங்காரப் படங்களை நீக்கச் சொல்லி, நிறங்களைக் குறைத்து, அக்கா பொறுமையாகச் சரிசெய்வார். திரையில் வந்திருக்கும் படம் பழையதா என்றறிய ஒரு வழி வைத்திருந்தார். "மூலையில கடிகாரம் ஓடுதா பாரு. ஓடுனா படம் உயிரோட இருக்கு லா" என்பார். நாங்களும் அதையே நம்பினோம்.

ஒரு நாள் அப்படித்தான் கடிகாரம் ஓடியது. மாவு பிசையும் இயந்திரத்தின் மூடி சாத்தியிருப்பதாகத் திரையில் பச்சை விளக்கு காட்டியது. அக்கா இயக்கினார். ஆனால் மாறிக்கொண்டிருந்த அந்த மூலை மட்டும்தான் புதிதாக வந்திருக்கிறது; மற்றதெல்லாம் பழைய படம். இயந்திரத்தின் உள்ளே துடைத்துக்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளி முத்தையாவின் இரண்டு விரல்கள் போயின.

சாஃப்ட்வேர் கோளாறு என்று விசாரணையை முடித்தார்கள். நானும் அதையே சொல்லித் தேற்றப் பார்த்தேன். "சாஃப்ட்வேருக்கு விரலா இருக்கு? அழுத்துனது நான்தானே" என்றார் அக்கா.

முத்தையா அதே இயந்திரத்துக்குத் திரும்பினார். அதன்பின் ஒவ்வொரு முறையும் இயக்குமுன் அக்கா ஆலையிலிருக்கும் முத்தையாவுக்குப் போன் செய்வார். "தம்பி, பக்கத்துல போய்ப் பார்த்துச் சொல்லுங்க. மூடி சாத்தியிருக்கா?" திரையில்தான் தெரிகிறதே என்று நாங்கள் கேலி செய்தோம். "தெரியுது. அதனாலதான் கேக்குறேன்" என்பார்.

இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் முத்தையா போகாமல் நின்றார்.

"அக்கா மூடியப் பத்தித்தான் கேக்கும், அண்ணே. அப்புறமும் போனை வைக்காது. என்னமோ கேக்க வர்ற மாதிரி இருக்கும். 'கோவம் இல்லக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமலே இருந்துட்டேன்."

எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. அவர் கையைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் போன் பழக்கம். இப்போது நான்தான் கூப்பிடுகிறேன். "மூடி சாத்தியாச்சு, அண்ணே" என்கிறார் முத்தையா. உடனே போனை வைக்க எனக்கு மனம் வருவதில்லை. அவரும் வைப்பதில்லை.