தோய்க்காத வடிதுணி

போன கிழமை தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் ஊசி போடமுன் தாதி என் கையில் ஸ்பிரிட் தடவினாள். மணம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா, கூசுதோ?" என்றாள். போரும் பொருளாதாரத் தடையுமாக இருந்த காலத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் போத்தல் கழுவிய கதையை ஊசிக்கு நிற்கிற இடத்தில் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்லலாம்.

அங்கே இரசாயனம் படிப்பித்த மிஸ், சிப்பி சுட்ட பொடியை இலுப்பெண்ணெயோடும் ஸ்பிரிட்டோடும் சேர்த்துக் காய்ச்சுவார். மண்ணெண்ணெய்க்குப் பதிலாக எரிக்க ஒன்று வரும். பொடிக்கு வினையூக்கி என்று பெயர். வேலையை முடுக்கிவிட்டுத் தான் அப்படியே இருக்குமாம். நானென்றால் மத்தியானத்துக்குள் களைத்துவிடுவேன்.

அதைப் பற்றி மிஸ் எழுதிய கட்டுரை அச்சேறினால்தான் அவருக்கு வெளிநாட்டில் மேற்படிப்பு. பெயர் சொல்லாத இரண்டு பேர் அதை வாசித்துச் சரி சொல்லவேண்டும். அவர்களின் பதில் வந்த அன்று மிஸ்ஸின் முகம் சுருங்கிப்போனது.

"என்ன மிஸ் சொல்லீனம்?"

"புதுப் பொடியை வடிவாக் காட்டிப்போட்டன் அக்கா. வேலை செய்தாப் பிறகு அது என்னவாப் போச்செண்டு கேக்கினம். அப்பிடியே கிடக்கெண்டு சும்மா சொன்னா நம்பமாட்டினமாம்."

"அதுவும் நியாயந்தானே. எங்களையும் கலியாணத்தண்டு மட்டுந்தானே படம் பிடிச்சவை!"

சிரித்தவர் சட்டென்று எழும்பினார். திரும்பக் காய்ச்ச ஒரு துளி ஸ்பிரிட் இல்லை. பாவித்த பொடி, முந்தினநாள் கடைசியாக வடித்த துணியில் ஒட்டியிருந்தால்தான் உண்டு. வடிதாள் வராத காலம். பழைய வேட்டியைக் கிழித்துத்தான் வடிப்போம்.

"அக்கா, துணியளைத் தோய்ச்சுப்போட்டியளோ?"

சவுக்காரத் தட்டுப்பாட்டில் ஊத்தைத் துணிகளை வாளியில் மூடி, கிணற்றடி வாழைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, சனிக்கிழமையில்தான் தோய்ப்பேன்.

"ஏசாதேங்கோ மிஸ். இன்னும் இல்லை."

ஓடிப்போய் வாளியைக் கட்டிப்பிடித்தார். "நல்ல ஊத்தை அக்கா, அருமையான ஊத்தை!" கூச்சத்தில் நான் வாழைக்குலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொடியைச் சுரண்டி, உலர்த்தி, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அங்கே கருவியில் வைத்துப் பார்த்ததில் பொடி கொஞ்சம் மாறித்தான் இருந்ததாம். 'அப்படியே இருக்கும்' என்ற வரியை வெட்டிவிட்டு மிஸ் உள்ளதை எழுதினார். கட்டுரை அச்சேறியது.

பயணம் சொல்ல வந்தபோது, "அங்கை உங்களை மாதிரி துணி தோய்க்காத ஒரு பஞ்சிக்காரி கிடைக்கவேணுமே அக்கா!" என்று பகிடி விட்டார்.

பிறகு தொண்ணூற்றைந்தில் எல்லாரும் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது கூடத்துக்குக் கூரை இல்லை. இப்போது அங்கே கண்ணாடிக் கதவு போட்ட மாடிக் கட்டடம். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். காவலுக்கு நின்ற பிள்ளை மரியாதையாக, "ஆரைப் பாக்கவேணும் அம்மா?" என்று கேட்டான்.

"கிணத்தடி வாழையைத் தம்பி" என்றேன்.