இழுவைப் பாட்டு

சின்ன வெங்காயத்தின் காரம் ஏறிய விரலால் அம்மா என் கண்ணுக்கு மை தீட்டினாள். கண் எரிந்து நீர் கொட்ட, கலைந்த மையைத் திட்டிக்கொண்டே மறுபடியும் தீட்டினாள். திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுக்கும் வேலை அவளுக்கு; எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. முகமெல்லாம் மஞ்சள், தலையில் அட்டைக் கிரீடம், கையில் தகரச் சூலம் என்று மாரியம்மன் வேஷத்தில் நான் முதன்முதலாக மேடை ஏறப்போன நாள் அது. ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன்.

சித்தி மகள் செல்வி அக்கா ஒரு "ரெக்கார்ட் டான்ஸ்" குழுவில் இருந்தாள். ஆட்டம் தொடங்குமுன் அம்மன் பாட்டுக்கு ஆட ஒரு சிறுமி வேண்டும் என்று குழுக்காரர் கேட்க, அவள் என்னைக் கைகாட்டிவிட்டாள். எனக்கு ஆட்டமென்றால் உயிர். அம்மாவுக்கோ நான் படித்து உத்தியோகத்துக்குப் போக வேண்டும். சோறு திங்காமல் நான் அடம்பிடித்துக் கிடந்ததில் அவள் ஒருவழியாக இறங்கி வந்தாள். இந்த ஒரு தடவைதான், சரியில்லை என்று அவர்கள் அனுப்பிவிட்டால் அதன்பின் ஆட்டப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றாள்.

செல்வி அக்கா ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வெளியூர் போய்விட, மிச்சப் பழக்கமெல்லாம் எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரின் முன்னால்தான். அது "இழுவை", உள்ளே பெல்ட் தளர்ந்து, பாடுகிறவர் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் பாட்டு நகரும். அதே பாட்டு கோயில் குழாயில் வேகமாகக் கேட்டபோது, ரேடியோ செட்டுக்காரர்தான் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஓட்டிவிடுகிறார் என்று நினைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பாலசமுத்திரம் பக்கத்து ஊர் ஒன்றில் மேடை. பாட்டு எடுத்த எடுப்பிலேயே பறந்தது. மனசு வேகப்படுத்தியது, இழுவைக்குப் பழகிய கால் கேட்கவில்லை. பாட்டு முடிந்துவிட்டது, எனக்கோ கடைசிப் பகுதி முழுக்கப் பாக்கி இருந்தது. நிறுத்தத் தெரியாமல், அழுதுகொண்டே, சத்தமில்லாத மேடையில் சூலத்தோடு சுற்றிச் சுற்றி ஆடினேன். ஓரத்தில் நின்ற செல்வி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

கூட்டத்தில் ஒரு பெண் பக்கத்தில் நின்றவரிடம், "ஏனுங்க, புள்ளைக்குச் சாமி வந்துருச்சுங்க" என்றாள். அவ்வளவுதான். குலவை கிளம்பியது, வேப்பிலையும் மஞ்சள்தண்ணியுமாக ஓடிவந்தார்கள், மீசைக்காரப் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், வீட்டுப்பாடத்தையே ஒழுங்காக முடிக்காத என்னிடம் தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று ஒருத்தி வாக்குக் கேட்டாள். அம்மாவும் கையெடுத்துக் கும்பிட்டு நின்றாள். இனி எல்லா ஊருக்கும் இந்தப் பிள்ளைதான் என்று குழுக்காரர் அங்கேயே சொல்லிவிட்டார்.

மறுநாள் பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டியது. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "டேப்பு இழுக்குதுன்னு எனக்குத் தெரியும்டி. நீ சொதப்புனா விட்டுருவாகன்னு பேசாம இருந்தேன். ஊரே கும்புடுது, நா மட்டும் என்னன்னு நிக்கிறது?"

எட்டாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றது. பாட்டு முடிந்த பிறகும் ஆடுவதே என் "ஐட்டம்" ஆகிவிட, ஊர் ஊராக, வருஷக்கணக்காக, வராத சாமியை வரவழைத்துக்கொண்டே இருந்தேன். அலுப்பென்றால் அப்படியோர் அலுப்பு. காசு வாங்கியாயிற்றே என்று ஆடித் தீர்த்தேன். இப்போது இரண்டு முழங்காலும் போய்விட்டன. பஸ் படி ஏற யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குழு கலைந்துவிட்டது, செல்வி அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள், அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளிடம் ஒன்று சொல்லியிருக்கலாம் என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது. நீ நினைத்தபடி நான் ஒழுங்காகத்தான் சொதப்பினேன், அம்மா, ஊர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.