எங்கள் ஊரில் இல்லாத காய்ச்சல்

எங்கள் வீட்டில் மஞ்சள் காய்ச்சல் என்றால் அது ஒரு சின்ன மஞ்சள் புத்தகம். என் கணவர் கப்பல்காரர். ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குப் போகிற கப்பலில் ஏற வேண்டுமானால் ஊசி போட்டுக்கொண்டு அந்தப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். ஊசி போட்ட மறுநாள் உடம்பு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டு என் கையால் கஞ்சி குடிப்பார். அதற்கு மேல் அந்த வியாதியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை. உலகத்தில் உள்ள முக்கால்வாசிக் கஷ்டங்கள் பர்மாவுக்கு வந்திருக்கின்றன. இது ஒன்று மட்டும் வந்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ரங்கூன் நடுப்பட்டணத்தில் ஒரு டைப் கடையில் வேலை பார்த்தேன். மிஷன் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் நாலைந்து வருஷம் அங்கே படித்தவள் நான். மிச்ச ஆங்கிலத்தை குமாஸ்தாவாக இருந்த அப்பா வீட்டில் சொல்லிக்கொடுத்தார். அதனால் ஆங்கிலத்திலிருந்து பர்மியத்துக்கு மாற்ற வேண்டிய தாள்கள் எல்லாம் என் மேசைக்கு வந்துவிடும்.

ஒரு நாள் காலையில் ஓய்வு பெற்ற இராணுவ டாக்டர் ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால் டிரைவர், டிரைவர் கையில் பூச்சி அரித்த ஒரு தடிப் புத்தகம். உலகத்துப் படைகளெல்லாம் மருத்துவத்துக்குச் செய்த தொண்டு என்பது புத்தகத்தின் பொருள். அதில் மஞ்சள் காய்ச்சலைப் பற்றிய பகுதியை மட்டும் பர்மியத்தில் தர வேண்டும் என்றார். பெரிய சபை ஒன்றில் அவர் பேசப் போகிறார். டாக்டருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனால் தெரிந்த வேலையைத் தானே செய்வது பதவிக்கு அழகில்லை என்று நினைக்கிற வர்க்கம்.

"சயாஜி," என்றேன். டாக்டர்களையும் பெரிய வாத்தியார்களையும் இங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும்; படித்த பெண்களை சயாமா என்பார்கள். "நம் நாட்டில் இந்தக் காய்ச்சலே இல்லையே?"

"அதனால்தான் சயாமா, இதை எடுத்தேன். மலேரியாவைப் பேசினால் எத்தனை பேர் என்று கேட்பார்கள். காலராவைப் பேசினால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். இல்லாத வியாதியைப் பேசினால் யாருக்கும் மனம் நோகாது."

இருபத்தைந்து வருஷம் அவர் எப்படிப் பதவியில் நிலைத்தார் என்பது அந்தப் பதிலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

வாரத்தில் இரண்டு நாள் அவர் வீட்டுக்குப் போய், எழுதினதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. பெரிய காம்பவுண்டு வீடு. வாசலில் வரிசையாக ஏழெட்டுப் பளபளக்கும் ஜாடிகளில் தாமரை. மேசைக்குக் கீழே என் காலைக் கொசு பிடுங்கும். மேசைக்கு மேலே நான் கொசுவைப் பற்றி வாசிப்பேன்.

கதை என்னவோ நல்ல கதைதான். நூறு வருஷத்துக்கு முன்னால், கியூபா தீவில் அமெரிக்கப் படையாட்கள் இந்தக் காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். காரணம் கண்டுபிடிக்க நாலு இராணுவ டாக்டர்களை அனுப்பினார்கள். அந்த ஊர் டாக்டர் ஒருவரோ ஏறக்குறைய இருபது வருஷமாக, கொசுதான் காரணம், கொசுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் வேறு வழி தெரியாமல் இராணுவ டாக்டர்கள் அவர் வீட்டுக்கே போய்க் கொசு முட்டை வாங்கி வந்தார்கள். அவர் சொன்னது சரி என்று ஆயிற்று.

இதை ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் பென்சிலை எடுத்தார்.

"சட்டை போட்டவனுக்கு இவ்வளவு இடமா?" என்றார். சீருடை இல்லாத எவனும் அவருக்குச் சட்டை போட்டவன். "உள்ளூர் அன்பர் ஒருவர் முட்டை கொடுத்து உதவினார் என்று போடு. போதும்."

அடுத்த வாரம் வேறொரு பக்கம். சோதனைக்கு வந்த படையாட்களிடமும், பிழைக்க வந்த ஸ்பெயின் தேசத்துக் கூலிகளிடமும், உயிருக்கு ஆபத்து உண்டு என்று எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. கூலிகளுக்குப் புரியும்படி அவர்கள் பாஷையிலேயும் அந்தத் தாள் இருந்ததாம்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சிப்பாயிடம் சம்மதம் கேட்டார்களா?"

"அப்படித்தான் எழுதியிருக்கிறது."

"அடித்துவிடு. சபையில் சின்ன ஆபீசர்களும் இருப்பார்கள். வீண் யோசனை வரும்."

கொசுவைத் தன் கையில் கடிக்க விட்டுச் செத்துப்போன இராணுவ டாக்டருக்கு மட்டும் புத்தகத்தில் இருந்த அரைப் பக்கத்தை மூன்று பக்கமாக இழுக்கச் சொன்னார். கண்ணீர், கொடி, தாய்நாடு என்று நான் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டேன். அடுத்தது அழுக்குத் துணிக் கதை. காய்ச்சலில் செத்தவர்களின் வாந்தியும் மலமும் ஒட்டிய படுக்கையில் சில படையாட்கள் இருபது இரவு படுத்து எழுந்தார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. துணியால் இது பரவாது என்று நிரூபணம் ஆயிற்று. அதை நான் வாசித்தபோது டாக்டர் மேசையைத் தட்டினார். "இதுதான் வீரம்!"

டீ கொண்டுவந்த அவர் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் துணியைத் துவைத்தது யாரு?" என்று கேட்டார்.

புத்தகத்தில் அது இல்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு இருமினேன். டாக்டர் காது கேளாதவர் போல அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னார். அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கும் எனக்கும் ஒரு பேசாத சிநேகம்.

சபை நாளன்று கடைசி வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி. ஒரு மணி நேரம் பேசினார். தாய்நாடு வந்த இடத்தில் கை தட்டினார்கள். மற்ற இடங்களில் கொசுவைத் தட்டினார்கள். முடிக்கும்போது, அந்தத் தீவில் படை வீடு வீடாகப் புகுந்து தண்ணீர்ப் பீப்பாய்களைச் சோதித்துக் கொசுவை ஒழித்த கதையைச் சொன்னார். முன்வரிசையில் அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர் அந்த இடத்தில் கண்ணைத் திறந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் குறித்துக்கொண்டார்.

ஒரு மணி நேரப் பேச்சில் அவர்கள் காதில் விழுந்தது அந்த ஒரு வரிதான்.

இரண்டு வாரம் போயிருக்கும். நாங்கள் இருந்த க்யிம்யிண்டைங் தெருவில் ஒலிபெருக்கி வந்தது. கொசு ஒழிப்பு, எல்லோரும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து நான் அப்போதுதான் வந்திருந்தேன். கணவரும் கப்பலிலிருந்து இறங்கி வீட்டில் இருந்தார். வட்டார ஆபீசிலிருந்து ஆறேழு பேர் வந்து, ஜாடி, வாளி, தொட்டி என்று தண்ணீர் இருந்த எல்லாவற்றையும் கவிழ்த்துக்கொண்டே போனார்கள்.

எங்கள் தெருவில் குழாய் என்பது ஒரு ஞாபகச் சின்னம். கரண்டு வந்தால் கிணற்று மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால் தண்ணீர். கரண்டு எப்போது வரும் என்பது கரண்டுக்கே தெரியாது. வந்தபோது பிடித்து வைத்ததுதான் மூன்று நாளைக்கு. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் தோசைக் கடை வைத்திருந்தார். அவருடைய தாத்தா முனிசிபாலிட்டியில் குழாய் பதிக்க இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர். பேத்திக்கு அந்தக் குழாயில் ஒரு சொட்டு வந்ததில்லை.

"பாவி மக்கா! உளுந்து ஊறப் போட வச்சிருந்த தண்ணிடா அது! மூடித்தானே வச்சிருக்கேன், கண்ணு தெரியல?" என்று அக்கா தமிழில் கத்தினார். பிறகு அதையே பர்மியத்திலும் கத்தினார்.

மூடியிருந்தது உண்மைதான். வெள்ளைத் துணி போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். வந்த ஆள் கயிற்றைப் பொறுமையாக அவிழ்த்து, துணியை மடித்துத் திண்டின் மேல் வைத்துவிட்டு, ஜாடியைக் கவிழ்த்தான். ஒரு தெருவுக்கு இத்தனை ஜாடி என்று அவனுக்குக் கணக்கு. உள்ளே புழு இருக்கிறதா என்று அவன் பார்க்கவே இல்லை.

"எந்தக் கட்டைல போறவன் இத எழுதிக் குடுத்தானோ, அவங் கை வெளங்காமப் போக!" என்றார் அக்கா.

என் கணவர் மெதுவாகத் திரும்பி என் கையைப் பார்த்தார். "ஒங் கைவேலயா புள்ள இது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாக்கடையில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மாலையே அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். எழுதியது நான்தான், ஆனால் இதற்காக எழுதவில்லை என்றேன்.

"எழுதுனவ நீதானே தங்கச்சி, மாத்தியும் எழுதேன்" என்றார்.

கடையில் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். டாக்டர் சின்ன விஷயம் என்று விடச் சொன்ன ஒரு பத்தி இருந்தது. மூடி போட்ட, வலை கட்டிய பாத்திரத்தில் கொசு முட்டையிட முடியாது. அவற்றை அப்படியே விடலாம். அதைப் பர்மியத்தில் எழுதிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன்.

வாசித்தார். "சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது விவரம், சயாமா. கட்டளைக்கு விவரம் ஆகாது. வேகம் போய்விடும்." தாளை என்னிடமே நீட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அவர் மனைவி என்னை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார். ஒரு கிண்ணத்தால் தாமரை ஜாடியில் மொண்டு காட்டினார். கிண்ணம் முழுக்கப் புழு நெளிந்தது. "நேற்று இங்கேயும் வந்தார்கள். நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். தலைவன் எட்டிப் பார்த்தான். வெகு சுத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்."

கிண்ணத்தைக் கீழே கொட்டி மிதித்தார். பிறகு என் கையில் இருந்த தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பேச்சைச் சிறு புத்தகமாக அச்சடிக்கிற வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு தாளிலும் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். "தலைப்பு மட்டும் 'அறிவிப்பு' என்று மாற்றி டைப் அடித்து வா. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

நாலாம் நாள், கையெழுத்துப் போட்டு, பழைய பதவிப் பெயர் முத்திரையும் குத்திய அந்த அறிவிப்பு என் கைக்கு வந்தது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கத்தை நான் அதுவரை குறை சொல்லி வந்திருக்கிறேன். அன்று வாபஸ் வாங்கிக்கொண்டேன். நகல் எடுத்து ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டினோம். அடுத்த முறை வந்த கூட்டம் எங்கள் கதவின் முன்னால் நின்று, முத்திரையைப் பார்த்து, விறைத்துக்கொண்டு திரும்பிப் போயிற்று.

பத்து நாளில் டாக்டர் கடைக்கு வந்தார். கையில் அந்த அறிவிப்பு.

"மேலிடத்திலிருந்து போன் வந்தது. இந்தத் திருத்தம் மிக நுட்பமானது என்று பாராட்டினார்கள்." தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இதை நான் எப்போது எழுதினேன்?"

"பதினாறாம் பக்கத்துக்கும் பதினேழுக்கும் நடுவில், சயாஜி."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை.

"நன்றாக எழுதியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அச்சான புத்தகத்தில் அந்தப் பத்தி அவருடைய சொந்த ஆராய்ச்சியாக வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஜாடியில் தண்ணீர் இருந்தது, அது போதும்.

கொசு ஒழிப்பு அந்த மழைக்காலத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதே ஆட்களை வேறு எதற்கோ அனுப்பிவிட்டார்கள். அந்த மழையில்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் இருந்த அக்காவின் தங்கை மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு வயது. கண்ணுக்குப் பின்னால் வலி என்று அழுதாள். மேலெல்லாம் சிவப்புப் புள்ளி. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள். நாங்கள் முறை வைத்துப் போய் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

படுக்கையின் தலைமாட்டில் மாட்டியிருந்த அட்டையில் வெறுமனே 'காய்ச்சல்' என்று எழுதியிருந்தது. சிகிச்சை பார்த்த டாக்டர் இளவயதுப் பெண். இரண்டு நாளாகத் தூங்காத முகம். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புகிற அதே கொசுதான் டெங்குவையும் கொண்டுவரும். இது டெங்குதானே, ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"பேர் எழுதினால் கணக்கில் ஏறும். கணக்கு ஏறினால் எங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "வைத்தியம் டெங்குவுக்குத்தான் பார்க்கிறேன். நீங்கள் தண்ணீரை நிறுத்தாதீர்கள்."

ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தைக்குப் பசித்தது. மீன் குழம்பு ஊற்றின மொஹிங்கா வேண்டும் என்று அடம் பிடித்தாள். படகுத் துறையிலேயே வாங்கிக் கொடுத்தோம். நூடுல்ஸைத் தொடவில்லை, குழம்பை மட்டும் உறிஞ்சிக் குடித்தாள். படகில் அக்காவின் மடியில் படுத்துத் தூங்கினவள் அக்கரை வரும்வரை எழுந்திருக்கவில்லை. அக்கா இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.