வராந்தாவில் நடந்த வரலாற்று வகுப்பு

ஜெய்புன்னிசா பி.ஏ. வரலாற்றில் சேர்ந்தபோது அவர் மகள் ஹாதியா கல்லூரிப் படிப்பையே முடித்துவிட்டாள். ஜெய்புன்னிசாவைப் பத்தாவதோடு நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்திருந்தார்கள். கேளம்பாக்கத்தில் கணவர் முனீரின் பேக் கடையைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டாவதைத் தனியாக எழுதித் தேறினார்.

படூருக்கு அப்பால், சவுக்குத் தோப்பை வெட்டிவிட்டுக் கட்டிய சிவப்புக் கட்டடம்தான் அவர் சேர்ந்த கலைக் கல்லூரி. பல்கலைக்கழகமே அதில்தான் தொடங்கியது. ஆரம்பத்தில் இருந்தவை கலைப் பாடங்கள் மட்டும்தான். ரோட்டோரம் ஐ.டி. கம்பெனிகள் வந்ததும் பொறியியலுக்குப் புதுப்புதுக் கட்டடங்கள் முளைத்தன. அவை போதாமல் சிவப்புக் கட்டடத்தின் மாடிகளையும் கேட்டார்கள். கலைக் கல்லூரி கீழ்த்தளத்தில் ஒடுங்கியது.

ஜெய்புன்னிசாவின் இரண்டாம் வருடத்தில் அதையும் காலி செய்ய உத்தரவு வந்தது. கட்டடம் முழுக்க கம்ப்யூட்டர் லேப். கலை வகுப்புகள் இனி படூரில் கடைகளுக்கு மேலே ஒரு வாடகை மாடியில்.

திங்கட்கிழமை வேன் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். ஜெய்புன்னிசா ஏறவில்லை.

"ஏறும்மா," என்றார் துறைத் தலைவர் பக்தவத்சலம்.

"நான் இன்னாத்துக்கு சார் வரணும்? இந்த யூனிவர்சிட்டி பொறந்த வூடே இதான். பெத்தவளத் தள்ளிட்டு வூட்ட எடுத்துக்குவாங்களா?"

"பேஜார் பண்ணாதம்மா. என் வேலைக்கே உலை வெச்சிடுவாங்க."

வேன் போனது. அவர் காலி வகுப்பில் தனியாக உட்கார்ந்து படித்தார். மறுநாள் சிநேகா என்ற மாணவியும் வேனில் ஏறாமல் அவரோடு உட்கார்ந்தாள். அதற்குள் விஷயம் மேலே போய், வகுப்பறைக்குப் பூட்டுப் போட்டார்கள். இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். ஜெய்புன்னிசா பல்லவர் பாடத்தை உரக்கப் படித்தார். மகேந்திரவர்மனையும் நரசிம்மவர்மனையும் மாற்றி மாற்றிச் சொன்னார். வேனில் ஏறப்போன பக்தவத்சலத்துக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா யாரு, புள்ள யாருன்னே தெரியாம படிக்கிறியேம்மா!"

"அப்ப நீங்க வந்து சொல்லுங்க சார்."

அவர் கொஞ்ச நேரம் வேனைப் பார்த்தார். பிறகு பையை வராந்தாத் திண்டில் வைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். வேனில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள்.

அட்மிஷன் சமயம் வரை வகுப்பு வராந்தாவில்தான் நடந்தது. மழை வந்தால் சுவரோரம் ஒண்டிக்கொண்டார்கள். திருக்கழுக்குன்றம் பக்கமிருந்து பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர், "ஏன் வெளிய உக்காந்துகினு கீறீங்க?" என்று கேட்டார்கள். ஜெய்புன்னிசா மறைக்காமல் சொன்னார். கேட்டுவிட்டுச் சிலர் சேர்க்காமலே திரும்பினார்கள்.

பதிவாளர் இறங்கி வந்தார். "உங்களுக்கு என்னதான் வேணும்?"

"க்ளாஸ் ரூம் சாவி."

சாவி கிடைத்தது. மாடிகள் லேபுக்கு, கீழ்த்தளம் கலைக் கல்லூரிக்கு என்று முடிவானது. ஆனால் ஜெய்புன்னிசாவுக்கு மட்டும் வருகைப் பதிவு குறைவு என்று சொல்லித் தேர்வெழுத விடவில்லை. மற்றவர்களுக்கு வருகையான வராந்தா நாட்களெல்லாம் அவருக்கு லீவு.

"மன்னிப்பு எழுதிக் குடுத்தா விட்ருவாங்களாம், ஜெய்பு," என்றார் முனீர்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்? ஒரு வருஷந்தான, போவட்டும்."

ஜூன் மாதம் அதே இரண்டாம் வருட வகுப்பில் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த பெண் நகர்ந்து இடம் விட்டு, "உக்காருங்க ஆன்ட்டி," என்றாள்.

"ஆன்ட்டி இல்ல," என்றார் ஜெய்புன்னிசா. "சீனியர்."