அக்கா நடத்திய ஹோட்டல்

எழுபதுகளில் மாண்ட்ரியாலின் அஹுன்ட்சிக் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டில் அயர்லாந்துக்காரி ஒருத்தி தனியாக இருந்தாள். சொந்த ஊரில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு ஹோட்டல் இருந்தது. அம்மா இறந்த பிறகு அதைச் சமையலிலிருந்து சலவை வரை நடத்தியவள் அவள்தான். ஆனால் அப்பா அதை மகன் பெயருக்கு எழுதிவைத்தார். மகன் விற்றுவிட்டான். இப்போது அங்கே மரச்சாமான் கடை நடக்கிறதாம்.

ஒரு கோடையில் அந்தத் தம்பி அவளைப் பார்க்க மாண்ட்ரியால் வந்து அவள் வீட்டில் தங்கினான். இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே ஹோட்டலின் வரலாற்றைச் சொன்னான். தாத்தா கட்டினாராம், அப்பா வளர்த்தாராம், இவன் நல்ல விலைக்கு விற்றானாம். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“அங்க சமைச்சது யாரு?” என்று கேட்டேன்.

“அக்கா கொஞ்சம் ஒத்தாசையா இருந்தா,” என்று சிரித்தான்.

“அத்தனை வருஷம் நடத்தினதுக்குப் பேரு ஒத்தாசையா?”

என் கணவர் பேராசிரியர். சத்தம் போட்டால் பிடிக்காது. “அது அவங்க குடும்ப விஷயம். நீ சும்மா இரு,” என்று தமிழில் அடக்கினார். மதுரையில் என் அப்பா வீட்டை அண்ணன் பெயருக்கு எழுதியபோதும் என்னைச் சும்மா இருக்கச் சொன்னவர் அவர்.

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள். “இன்னைக்கு நீ வேற எங்கயாவது ரூம் எடுத்துக்கோ,” என்று தம்பியிடம் சொன்னாள். அவன் முகம் சிவந்து எழுந்து போனான். அதன் பிறகு அவள் வீட்டுக்கு அவன் வரவே இல்லை.

என் கணவர் மோர் கேட்டார். “நீங்களே ஊத்திக்குங்க,” என்றேன்.